தொட்டிப்பாறைப் புள்ளிகள்

எனக்கு மலை ஏறுவதே பிடிக்காது. முட்டி வலி எனக்கு நாற்பது வயதுக்கு முன்பே வந்துவிட்டது. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்தவன் நான். தொட்டிப்பாறைக்கு நான் ஆசைப்பட்டுப் போனதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை இருந்தது, போனேன். நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். எனக்குப் பேச்சைவிட எழுத்து கொஞ்சம் ஒழுங்காக வரும்.

என் பெயர் கண்ணையன். 1993இல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. கடை போட்டேன். அந்த வருஷமே மணிமாறன் என்னிடம் வந்தார். விழுப்புரத்துக்காரர், ஆராய்ச்சி மாணவர், என்னைவிட ரொம்பச் சின்னவர். நம் பக்கத்துக் குன்றுகளில் பௌத்தத் துறவிகளும் சமணத் துறவிகளும் தங்கியிருந்த குகைகள், அங்கே வெட்டப்பட்ட எழுத்துகள் பற்றிய ஆய்வேட்டை அடிக்கக் கொண்டுவந்தார். அந்தப் பழைய எழுத்து எதுவும் அப்போது கம்ப்யூட்டரில் கிடையாது. இடம் விட்டு அடித்து, கறுப்பு மையால் கையால் வரைந்து நிரப்பினோம். அவர் வரைந்தது கோணலாக இருந்தது. நான் வரைந்தது கல்லில் இருந்தது போலவே இருந்தது. அவரே சொன்னார்.

"அண்ணா, உங்க கைக்கு இது எப்படி வந்துது? நான் அஞ்சு வருஷமா பார்த்துக்கினு இருக்கேன், எனக்கு வரலையே."

அந்த ஒரு பேச்சில் விழுந்தேன். பத்திரிகை அடிக்கிறவனிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அதன்பிறகு அந்த எழுத்துகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு என்று ஆகிவிட்டது. பத்திரிகை வேலை சோற்றுக்கு.

செஞ்சிப் பக்கம் போகும் வழியில் இருக்கும் தொட்டிப்பாறைக்கு அவர்தான் என்னை முதலில் கூட்டிப்போனார். குன்றின் பின்புறம், கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மூடுகல். அதன் அடியில் நான்கு பேர் படுக்கலாம். உள்சுவரில் ஒரே ஒரு வரி. ஒரு பௌத்தத் துறவிக்கு யாரோ ஒருவர் அந்த இடத்தை ஒழுங்கு செய்து கொடுத்த செய்தி. மணிமாறன் ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினார். வெட்டிய இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் விழுந்தது. மைப்படி என்பார்கள். அன்றே எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

அன்றைக்கு நான் அந்த வரியில் புள்ளிகளைப் பார்க்கவில்லை. விரலால் தடவியும் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புள்ளி என்றால் வேறொன்றுமில்லை. இன்று மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கிறோமே, அதுதான். பழங்காலத்தில் பாறையில் வெட்டியவர்கள் பெரும்பாலும் அதை வைக்கவில்லை. வடக்கே பௌத்தர்கள் எழுதிய எழுத்தில் புள்ளியே இல்லை. இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். பிற்பாடு, உலகத்தில் உள்ள எல்லா எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்காக எண் ஒதுக்கும் வெளிநாட்டுக் குழு ஒன்று இந்தப் பழைய எழுத்தையும் எடுத்துக்கொண்டது. அடுக்குவதற்கு ஒரு குறி தருகிறோம், தமிழும் அதையே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதை வைத்துத் தமிழ் வரியை அடித்தால் எழுத்துகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்காரும். அடித்துப் பார்த்தேன். நம் புள்ளிக்குத் தனி எண் வேண்டும் என்று எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அவ்வளவு பழைய பாறையில் அப்படிப் புள்ளி இருப்பதற்குச் சான்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

நியாயமான கேள்வி. யாராக இருந்தாலும் கேட்பார்கள்.

2007இல் ஒரு காலை நான் தனியாகத் தொட்டிப்பாறைக்குப் போனேன். அந்த வரியை என்னைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. எத்தனையோ தடவை வரைந்தவன். எந்த எழுத்தின் மேல் புள்ளி இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காற்றும் மழையும் தின்றதை நான் துலக்கினேன். ஒரு சிற்றுளியும் சுத்தியலும் கொண்டுபோயிருந்தேன். பெரிய வேலை இல்லை, வெயில் ஏறுமுன் முடிந்துவிட்டது. அங்கேயே மைப்படியும் எடுத்துக்கொண்டேன். துலக்கிய இடம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்ததால் மல்லாட்டை எண்ணெயில், கடலை எண்ணெய்தான், விளக்குக் கரியைக் குழைத்துத் தடவிவிட்டு இறங்கினேன்.

மைப்படியைக் காட்டியபோது மணிமாறன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போது அவர் டாக்டர் மணிமாறன், கல்லூரியில் வேலை.

"எத்தினி வாட்டி போயிருக்கேண்ணா! கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய பழைய மைப்படியோடு ஒப்பிட வழியில்லை. அது என் கடைப் பரணில் கிடந்து கறையான் தின்றுபோயிருந்தது. அன்று அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவர் மனைவி கலைப்பிரியா என் இலையில் இரண்டாம் தடவையும் ஊற்றினாள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

இருவர் பெயரிலும் விண்ணப்பம் போயிற்று. டாக்டர் என்பதால் அவர் பெயர் முதலில். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மறைக்கவில்லை.

குழுவினர் மகிழ்ச்சி தெரிவித்து, அளவுகோல் வைத்துப் படங்களும், ஆய்வாளரே எடுத்த மைப்படி ஒன்றும் கேட்டார்கள். மணிமாறனும் நானும் மேலே போனோம். அவர் கல்லைக் கழுவினார், காகிதத்தை விரித்தார், தட்டத் தொடங்கினார். எழுத்துகளில் காகிதம் இறங்கியது. புள்ளிகள் இருந்த நான்கைந்து இடங்களில் மட்டும் எழும்பி எழும்பி நின்றது. அவர் தட்டத் தட்டக் குமிழ் விட்டது.

"தண்ணி பிடிக்க மாட்டேங்குதுண்ணா. எண்ணெய் கெடக்குது இங்க."

"அமாவாசைக்கு யாராவது விளக்கு ஏத்தியிருப்பாங்க தம்பி."

அவர் காகிதத்தை உரித்துவிட்டு அந்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"விளக்கு ஏத்துறவங்க புள்ளி மேல மட்டுமாண்ணா எண்ணெய் ஊத்துவாங்க?"

பஸ் ஏறும்போது சொன்னார். சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போகிறாராம். வந்ததும் சலவைச் சோடா போட்டு எண்ணெயைக் கழுவி, மறுபடி மைப்படி எடுக்கலாம். உள்ளே கல் பழையதாக இருந்தால் தன்னை மன்னித்துவிட வேண்டும். புதியதாக இருந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் குழுவுக்கு நடந்ததை எழுதிவிடுவார். "நீங்களே எழுதிட்டா இன்னும் நல்லதுண்ணா. உங்க பேரை நான் கெடுக்க மாட்டேன்," என்றார்.

அவர் நல்லவர். அதில் எனக்கு எப்போதும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தடவை போலி என்று பேர் விழுந்துவிட்டால், பிறகு யார் எந்த உண்மையான புள்ளியைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர்கள் சிரிப்பார்கள். என் பெயர் கெடுவது எனக்கு முக்கியம் இல்லை. புள்ளி கெட்டுவிடும். எனக்குப் பயமாக இருந்தது.

இனி கல்குவாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்றின் முன்புறத்தைச் சவுரிராயன் என்பவர் குத்தகைக்கு எடுத்து ஜல்லிக்கு உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்து உடைத்து மூடுகல்லுக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் மூடுகல்லின் விரிசலிலிருந்து மண் கொட்டும். நானும் மணிமாறனும் வேட்டு நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. வேட்டு வைக்கும் மேஸ்திரி மாயவன் என்னிடம் ஒருநாள் சொன்னான்: "இன்னும் ஒரு பெரிய வேட்டு போட்டா அது எறங்கிடும் சார். எழுதிக்கினு இருக்கிறதை ஜல்தியா எழுதிக்கோங்க." மணிமாறன் சென்னையில் இருந்த அந்த வாரத்தில் சவுரிராயனும் என் கடைக்கு வந்தார். கல்லில் முக்கியமாக ஒன்றும் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே எடுத்துவிடுவேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வேட்டு வைக்குமுன் ஒரு வழக்கம் உண்டு. மண்ணாங்கட்டி என்று ஒரு ஆள், சிவப்புக் கொடியும் விசிலுமாகக் குன்றைச் சுற்றி வருவான். பின்புறம் ஏறி, மூடுகல் வரைக்கும் வந்து, ஆடு மேய்ப்பவர்களை விரட்டிவிட்டுத்தான் இறங்குவான். இறங்கிக் கொடியை ஆட்டினால் மாயவன் வேட்டு வைப்பான்.

இன்னொரு வழக்கம், அமாவாசை லீவு. குவாரி ஆட்கள் எல்லோரும் மேல்மலையனூருக்குப் போய்விடுவார்கள், அங்காளம்மனுக்கு ஊஞ்சல் பார்க்க. ஊஞ்சல் இரவில் நடப்பது. அதனால் எந்த நாள் இரவில் அமாவாசை இருக்கிறதோ அந்த நாள்தான் கோயிலுக்குக் கணக்கு, குவாரிக்கும் அதுவே லீவு. சில மாதம் அமாவாசை ஒரு நாள் மத்தியானம் தொடங்கி மறுநாள் காலையில் முடியும். அப்போது மணிமாறன் வீட்டு நாள்காட்டியில் இரண்டாவது நாள்தான் அமாவாசை என்று போட்டிருக்கும். விழுப்புரத்துக்காரர் நாள்காட்டியைப் பார்ப்பார். இந்தப் பக்கத்தில் குவாரியை ஒட்டிப் பிழைப்பவர்கள் கோயில் பஸ்ஸைப் பார்ப்பார்கள். 2008இல் அந்த மாதம் அப்படித்தான் விழுந்தது.

மணிமாறன் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை அமாவாசைண்ணா. குவாரி லீவு, தொந்தரவு இருக்காது. போலாமா?"

என் மனைவி அம்சா மாதம் தவறாமல் மலையனூருக்குப் போகிறவள். வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்காக அப்போதே பையில் எலுமிச்சம்பழம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

"போலாம் தம்பி," என்றேன்.

வெள்ளிக்கிழமை குவாரியில் வேலை நடந்தது. நாங்கள் பின்பக்கமாக ஏறியதால் லாரிச் சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை. லேசாகக் கேட்டதை அவர் ரோட்டுச் சத்தம் என்று நினைத்தார். சோடா போட்டுத் தேய்த்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மைப்படி வேலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் வேண்டுமென்றே கீழே இறங்கவில்லை. தண்ணீர் தீர்ந்தது, இறங்கினேன்.

அடிவாரத்தில் மண்ணாங்கட்டி கொடியோடு எதிரே வந்தான். காலில் புண், துணி சுற்றியிருந்தான். ஏறத் தயங்கி நின்றான்.

"பெரிய வேட்டு சார் இன்னிக்கு. மேல யாருனா இருக்காங்களா?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டும்தான் வந்தேன். எறங்கிட்டேன்."

"ஏறிப் பார்த்துட்டு வந்துட்றேன் சார், எதுக்கும்."

"இந்தக் காலை வச்சிக்கினா? நான்தான் பார்த்துட்டு வர்றேன்றேனே."

அவன் கும்பிட்டான். அங்கிருந்தே விசிலை நீளமாக ஊதினான். மணிமாறன் கேட்டிருந்தாலும், லீவு நாளில் ஆடு மேய்ப்பவன் விசில் என்றுதான் நினைத்திருப்பார். மேலே பிரஷ் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்கும் என்று தெரிந்து காது கொடுத்ததால் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. நான் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். நிரம்பி வழிந்தது. வேட்டு வெடித்தபின் பின்புறத்திலிருந்து தனியாக ஒரு சத்தம் வந்தது, சாக்கு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி. பெரிதாக ஒன்றும் இல்லை.

கல்லை நகர்த்த இயந்திரம் கொண்டுவந்தார்கள். கலைப்பிரியாவும் வந்தாள். அவளுடைய சின்னப் பெண் சங்கவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. எனக்கு அவரைவிட நெருங்கிய சிநேகிதர் கிடையாது.

விசாரணையில் இரண்டு விஷயம் சொன்னேன். நாள்காட்டியைப் பார்த்து லீவு என்று நம்பிப் போனோம் என்றேன். மண்ணாங்கட்டி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவனை நான் பார்க்கவே இல்லை என்றேன். அவன் கேட்டேன், கேட்டேன் என்று கதறினான். ஏறிப் பார்க்காதது அவனுக்கும் உறுத்தியதால் குரலில் பலம் இல்லை. அவனுக்கும் மாயவனுக்கும் தண்டனை ஆயிற்று. சவுரிராயன் வேறு மாவட்டத்தில் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்.

அம்சா மட்டும் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஏங்க, வியாழக்கிழமையே ஊஞ்சல் முடிஞ்சிப்போச்சே. நான் உங்ககிட்ட சொல்லிட்டுதானே போனேன்?"

"எனக்கு எங்க ஞாபகம் இருக்குது இதெல்லாம்," என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் தானாக எதுவும் கேட்டதில்லை. சாப்பாடு நேரத்துக்கு இருக்கும்.

மண்ணாங்கட்டி சிறையிலிருந்து வந்தபோது எந்தக் குவாரியிலும் அவனைச் சேர்க்கவில்லை. நான் என் கடையில் வைத்துக்கொண்டேன். ஊரில் எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். கடையைப் பெருக்குவான், டீ வாங்கி வருவான். செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் திடீரென்று கேட்பான்.

"சார், அன்னிக்கு நான் உங்களைக் கேட்டேனா, கேக்கலியா?"

"கேக்கலப்பா."

"கேட்ட மாதிரியே இருக்குது சார்."

"மனசு அப்படித்தான் காட்டும். விடு."

வருஷங்கள் போகப் போக, அவன் கேட்கும் விதம் மாறியது. "நான் கேட்டிருக்கணும் சார்," என்று சொல்லத் தொடங்கினான். என்னிடமே மன்னிப்புக் கேட்டான், டாக்டர் உங்க சிநேகிதராச்சே என்று. போன வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் சாகும்போதும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "கேக்கலதானே சார்?" என்றான். கேக்கலப்பா என்றேன். அவன் தலையாட்டினான். அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லியிருக்க முடியாது. குழுவினர் எங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை, ஒத்திவைத்திருந்தார்கள். பாறை இப்போது இல்லாததால் சரிபார்க்க முடியவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள். மறைந்த மணிமாறன் நினைவாக என்று தலைப்பிட்டு வருஷா வருஷம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எல்லாம் பாழாகும். இரண்டு ஆள் சிறையில் இருப்பது வருத்தம்தான். ஆனால் அவர்கள் உள்ளே இருப்பதற்கு ஒரு முடிவு நாள் இருந்தது. எழுத்துக்கு அப்படி இல்லையே.

போன மாதம் செய்தி வந்தது. எங்கேயோ தோண்டிய இடத்தில் கிடைத்த பானை ஓட்டில் தெளிவாகப் புள்ளி இருக்கிறதாம். இனித் தொட்டிப்பாறை தேவையில்லை, இந்தச் சான்றே போதும் என்று குழுவிலிருந்தவர் எனக்கு எழுதியிருந்தார். நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. அதைப் படித்த பிறகுதான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். இப்போது நான் பேசினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நேற்று நீங்கள் கேட்டதற்கு இங்கே பதில் எழுதுகிறேன். பாறை ஒழிந்தால் போதும் என்றால், மணிமாறன் சென்னையில் இருந்த வாரம் சவுரிராயன் வந்து கேட்டாரே, அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். இரவெல்லாம் யோசித்தேன். சொல்லியிருக்கலாம். பாறை போயிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்த விரல் மணிமாறனிடமே இருந்திருக்கும். அதனால்தான் அவர் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். மண்ணாங்கட்டி என்னைக் கேட்டான். நான் பொய் சொன்னேன். மணிமாறனைக் கொன்றது நான்.

இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். நேற்று நான் வாயால் சொன்னதை உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்த பிரதியையும் படித்தேன். அதில் போலிப் புள்ளிகள் என்று ஒரு இடத்தில் வருகிறது. அதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புள்ளிகள் அந்தப் பாறையில் இருந்தன, நான் தூசி தட்டினேன், அவ்வளவுதான்.